ஊமைக் கங்காணி

கிளாஸ்கோ மத்திய நிலையத்திலிருந்து தென்கிழக்காகப் புறப்படும் ரயில், ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடி, லானார்க் என்னும் சிறு நகரத்தில் தன் பாதையை முடித்துக்கொள்கிறது. அங்கிருந்து நியூ லானார்க் என்னும் பழைய ஆலைக் குடியிருப்புக்குச் செல்வோர் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவு சரிவில் இறங்க வேண்டும். கிளைடு ஆறு பாறையை அறுத்து உண்டாக்கிய ஆழமான பள்ளத்தாக்கின் அடியில் ஊர் ஒடுங்கியிருப்பதால், கடைசி வளைவைத் தாண்டும் வரை அங்கே மனிதர் வாழ்வதற்கான தடயமே கண்ணில் படுவதில்லை. தாண்டியதும் பலகைக்கல் வேய்ந்த கூரைகளும், சன்னல்கள் அணிவகுத்த மணற்கல் ஆலைகளும், அவற்றுக்குப் பின்னால் காட்டை ஒட்டி ஓடும் ஆறும் ஒரே பார்வையில் கீழே விரிகின்றன. தொழிற்புரட்சிக் காலத்து ஆலை என்றதும் புகைபோக்கியையும் கரியையும் எதிர்பார்த்து வரும் பயணிக்கு, இந்த முதற்காட்சி சற்று ஏமாற்றம் தரக்கூடும். மலைவாசத்தலம் ஒன்றைப் பார்ப்பதுபோன்ற மயக்கத்தை அது உண்டாக்குகிறது.

புகை இல்லாமைக்குக் காரணம் நீர். கிளாஸ்கோ வணிகரும் வங்கியாளருமான டேவிட் டேல், நூற்பு எந்திரத்தால் பெயரும் பணமும் பெற்றிருந்த ரிச்சர்ட் ஆர்க்ரைட்டை 1784இல் இங்கு அழைத்துவந்து காட்டினார். அருவிகளில் விழும் ஆற்றின் விசை ஆலைக்கு ஏற்றது என்று இருவரும் கண்டபின், 1785இல் கட்டட வேலை தொடங்கி, மறு ஆண்டில் நூற்பும் தொடங்கிற்று. ஆர்க்ரைட்டின் எந்திரம் நீராற்றலால் ஒரே சமயத்தில் பல கதிர்களைச் சுழற்றி நூல் இழுப்பது. ஆகவே ஆற்றிலிருந்து பாறையைக் குடைந்து வழியமைத்து, ஆலைகளின் ஓரமாகக் கால்வாய் வெட்டி, நீர்ச்சக்கரங்களின்மேல் தண்ணீரைத் திருப்பினார்கள். அந்தக் கால்வாய் இன்றும் ஆலைகளை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் ஆலை இப்போது தங்கும் விடுதி. இரண்டாம் ஆலையின் உச்சியில் தோட்டம் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் ஆலையில் பழைய நூற்பு எந்திரம் ஒன்று கம்பளி நூல் நூற்கிறது. பருத்தி இங்கிருந்து போய்ப் பல காலமாகிவிட்டது. 1968இல் ஆலைகள் மூடப்பட்டு, ஊர் இடிந்துவிழும் நிலைக்கு வந்தபின் மீட்கப்பட்டு, 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இந்த ஊரை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததற்குக் கட்டடங்கள் மட்டும் காரணமல்ல. வேலைத்தலத்தில் மனிதர் நேர்மையாக நடந்துகொள்ளும்படி செய்வது எப்படி என்ற கேள்விக்கு, பிரம்பையும் அபராதத்தையும் சிறையையும் விட்டு வேறு விடை தேடிய முதற்பெரும் முயற்சிகளுள் ஒன்று இங்கேதான் நடந்தது. அதை நடத்தியவர் வேல்ஸ் நாட்டு நியூடவுனில் சேணம் தைப்பவர் ஒருவருக்கு மகனாக 1771இல் பிறந்து, பத்து வயதில் கடைவேலைக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டு, இருபது வயதளவில் மான்செஸ்டர் பஞ்சாலை ஒன்றுக்கு மேலாளரான ராபர்ட் ஓவன். அவர் டேலின் மகள் கரோலினை 1799இல் மணந்தார். கூட்டாளிகளோடு சேர்ந்து ஆலைகளை 60,000 பவுனுக்கு வாங்கி, 1800 ஜனவரி முதல் நாளில் நிர்வாகத்தை ஏற்றார். மருமகனுக்கு மாமனார் தந்த சலுகை என்று இதைக் கொள்வதற்கில்லை. ஆண்டுக்கு 3,000 பவுனாக இருபது ஆண்டுகளில் அடைக்க வேண்டிய கணக்கு அது.

ஓவனுக்குக் கிடைத்த ஆலை ஒழுங்கானதாக இல்லை. டேல் இரக்கமுள்ளவர் என்று பெயர் பெற்றிருந்தும், அநாதை விடுதிகளிலிருந்தும் ஏழை விடுதிகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 500 சிறார், சிலர் ஐந்தாறு வயதினர், காலை ஆறு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரை எந்திரங்களுக்கு இடையே நின்றார்கள். பெரியவர்களிடையே குடி மிகுந்திருந்தது. நூலும் கருவியும் சரக்கறையிலிருந்து களவுபோவது அன்றாட நிகழ்ச்சியாக இருந்தது. புதிதாக வந்தவர் வேல்ஸ்காரர், இங்கிலாந்தில் தொழில் கற்றவர், தங்களைக் கசக்கிப் பிழியத்தான் வந்திருக்கிறார் என்பது ஸ்காட்லாந்துத் தொழிலாளரின் எண்ணம். அதைத் தவறென்று சொல்லவும் அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. திருடியவரைப் பிடித்து வழக்குத் தொடரும் வழியை ஓவன் மேற்கொள்ளவில்லை. ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சரக்கு மாறும் ஒவ்வோர் இடத்திலும் கணக்குப் பதியச் செய்து, எங்கே குறைந்தது என்பது உடனே தெரியும்படி ஒழுங்கமைத்தார். திருடுவது கடினமாகவும் திருடாதிருப்பது எளிதாகவும் ஆனால் குற்றம் தானே குறையும் என்பது அவர் கணக்கு. மனிதனின் குணம் அவன் தானே ஆக்கிக்கொள்வதன்று, சூழலால் ஆக்கப்படுவது என்று அவர் பிற்காலத்தில் நூலெழுதி நிறுவ முயன்ற கொள்கையின் வித்து இந்தச் சரக்கறைக் கணக்கில் இருக்கிறது.

ஆனால் நியூ லானார்க்கைப் பெயரெடுக்கச் செய்தது சரக்கறைக் கணக்கு அல்ல, ஒரு சிறு மரத்துண்டு. ஆங்கிலத்தில் அதற்கு இட்ட பெயரை நேராகத் தமிழாக்கினால் பேசாத கண்காணிப்பாளர் என்று வரும். ஊமைக் கங்காணி என்று சொன்னால் பொருளும் தொனியும் ஒருங்கே கிடைக்கும். நான்கு பக்கங்கள் உள்ள கட்டை அது. விரலின் நீளத்துக்கு மேற்படாதது. நுனி குறுகி, கொக்கியில் மாட்டுவதற்கு முனையில் கம்பி வளையம் செருகியிருக்கும். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நீலம், ஒன்று மஞ்சள், மற்றொன்று வெள்ளை. தொழிலாளர் ஒவ்வொருவரும் நிற்கும் இடத்துக்கு அருகிலும், வழியில் போவோர் கண்ணில் படும் உயரத்தில், இது ஒன்று தொங்கியது. முந்தைய நாள் அவர் நடந்துகொண்ட விதம் எப்படியோ அந்த நிறப் பக்கத்தை மேற்பார்வையாளர் முன்னால் திருப்பி வைப்பார். கறுப்பு என்றால் மோசம், எண் நான்கு. நீலம் சுமார், எண் மூன்று. மஞ்சள் நன்று, எண் இரண்டு. வெள்ளை மிக நன்று, எண் ஒன்று.

இத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் நடத்தைப் பதிவேடு என்று ஒரு புத்தகம் இருந்தது. பெயருக்கு எதிரே நாள்தோறும் அந்த எண்ணை எழுதுவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு புத்தகமாக ஆண்டுக்கு ஆறு புத்தகங்கள் நிரம்பும், நிரம்பியவை பத்திரப்படுத்தப்படும். மனிதரின் நன்மை தீமைகளை விண்ணில் குறித்துவைக்கும் தேவதூதரைப் பற்றிய கிறித்தவ நம்பிக்கையோடு ஓவன் தம் புத்தகங்களை ஒப்பிட்டார். தமிழ் வாசகருக்குச் சித்திரகுப்தன் நினைவுக்கு வரலாம். ஒரு வேறுபாடு உண்டு, அது அற்பமானதன்று: சித்திரகுப்தனிடம் மேல்முறையீடு இல்லை. ஓவனின் ஏட்டில் எண் ஏறுவதற்கு முன், தமக்கு இட்ட நிறம் அநியாயமானது என்று கருதும் தொழிலாளி, ஆணோ பெண்ணோ, ஓவனிடமோ, அவர் ஊரில் இல்லாதபோது ஆலைத் தலைவரிடமோ நேரில் முறையிடலாம். மேற்பார்வையாளர்களுக்கும் தனித்தனியே கட்டைகள் இருந்தன. அவற்றைத் திருப்புபவர் ஆலைத் தலைவர். முறையீடுகள் மிக அரிதாகவே வந்தன என்று ஓவன் பெருமைப்படுகிறார். நிறம் பெரும்பாலும் நியாயமாக இடப்பட்டதால் அரிதாயிற்றா, முறையிடத் துணிவு இல்லாததால் அரிதாயிற்றா என்பதை அவர் ஆராயவில்லை.

கங்காணி என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு வரலாறு உண்டு என்பதால், இங்கே சிறிது நின்று செல்வது பொருந்தும். கண்காணி என்பதன் பேச்சு வடிவமான அச்சொல், இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழக மாவட்டங்களிலிருந்து ஆள் திரட்டிக் கொண்டுபோய், அங்கே அவர்களை வேலை வாங்கியவரைக் குறித்தது. வழிச்செலவுக்குக் கொடுத்த முன்பணம் கடனாகத் தொழிலாளியின் தலைமேல் ஏறும். இலங்கையில் அந்தக் கடன் விவரம் துண்டு எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டு, அதைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி ஆளைக் கட்டிவைத்தது. துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது 1921இல்தான். வேலைக்கு வந்த தலைகளை எண்ணிக் காசு பெற்றவர் பேசும் கங்காணி; அவர் குரலும் கையும் ஓங்கியே இருந்தன. ஓவனின் கட்டைக்குக் குரல் இல்லை, கை இல்லை, அது எவருக்கும் கடன் எழுதவில்லை. கறுப்புப் பக்கம் திரும்பியதால் கூலி குறையவில்லை என்பதும், அடி விழவில்லை என்பதும் அக்கால ஆலைகளை அறிந்தோருக்கு வியப்பளித்த செய்திகள்.

அப்படியானால் கட்டை எவ்வாறு வேலை செய்தது? ஓவன் தரும் விவரம் எளியது. அவர் எந்திரங்களுக்கு இடையே நடந்துபோவார். கறுப்பைக் கண்டால் நின்று அந்த ஆளை ஒரு முறை பார்ப்பார், பிறகு கட்டையைப் பார்ப்பார், ஒரு சொல்லும் சொல்லாமல் நகர்வார். தொடக்கத்தில் கறுப்பு நிறையத் தொங்கியது; நாளடைவில் நீலம், பிறகு மஞ்சள், கடைசியில் வெள்ளையும் கூடிற்று என்கிறார். ஆண்டுக்கணக்காகக் கூச்சலும் வசவும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு அந்த மௌனம் உறைத்திருக்கலாம். இருப்பினும் அது வெட்கத்தைக் கருவியாகக் கொண்ட முறை என்பதை மறைக்க வேண்டியதில்லை. தன் இடத்தில் கறுப்பு தொங்குவதைப் பார்ப்பவர் ஓவன் மட்டுமல்லர்; பக்கத்து எந்திரத்தில் நிற்கும் மைத்துனியும், மாலையில் அதே வரிசை வீட்டில் அடுப்பு மூட்டும் அண்டை வீட்டாரும் பார்க்கிறார்கள். வேலைத்தலமும் ஊரும் ஒன்றாகவே இருந்த பள்ளத்தாக்கில், ஆலைக்குள் பெற்ற நிறம் ஆலையோடு நின்றிருக்க முடியாது. இன்றைய அலுவலகத் திரைகளில் ஊழியரின் பெயருக்கு நேரே பச்சையும் மஞ்சளும் சிவப்பும் ஒளிரக் காண்போர் இந்தக் கட்டையின் பேரப்பிள்ளைகளைத்தான் காண்கிறார்கள். முறையீட்டு உரிமை மட்டும் பல இடங்களில் பரம்பரைச் சொத்தாக வந்து சேரவில்லை.

தொழிலாளரின் நம்பிக்கையைத் தமக்குப் பெற்றுத்தந்தது இந்தக் கட்டை என்று ஓவனே சொல்லவில்லை என்பது கவனத்துக்குரியது. அவர் சுட்டும் நிகழ்ச்சி வேறு. பிரிட்டனோடு ஏற்பட்ட பூசலில் அமெரிக்கா தன் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியைத் தடுத்தபோது பஞ்சின் விலை தாறுமாறாக ஏறிற்று. பல ஆலைகள் எந்திரத்தை நிறுத்தி ஆட்களையும் வெளியே அனுப்பின. ஓவனும் நூற்பை நிறுத்தினார், ஆனால் ஆட்களை நிறுத்தவில்லை. எந்திரங்களைத் துடைத்துப் பழுதின்றி வைத்திருக்கும் வேலையை மட்டும் கொடுத்து, நான்கு மாதங்களுக்கு முழுக் கூலியும் தந்தார். 7,000 பவுனுக்கு மேல் செலவாயிற்று. எவர் கூலியிலும் ஒரு பென்னி பிடிக்கப்படவில்லை. எண்பத்தைந்து வயதைக் கடந்தபின் எழுதிய தன்வரலாற்றில் ஓவன் இதை 1806ஆம் ஆண்டில் வைக்கிறார்; அமெரிக்கக் காங்கிரஸ் தடைச்சட்டம் இயற்றியதோ 1807 டிசம்பரில். முதியவரின் நினைவு ஓராண்டு பிசகியிருக்கலாம். கொடுத்த கூலி பிசகவில்லை. வந்து ஆறேழு ஆண்டுகளாக அவரை ஐயத்தோடு பார்த்த ஊர், அதன்பின் அவர் சொல்லுக்குக் காது கொடுத்தது. நேர்மையை எதிர்பார்ப்பவர் தம் பங்கை முதலில் செலுத்த வேண்டும் என்ற ஒழுங்குக்கு, நிறம் பூசிய எந்தக் கட்டையைவிடவும் இந்த நான்கு மாதக் கூலிக் கணக்கு வலிய சான்று.

ஆலைகளிலிருந்து ஊருக்குள் ஏறும் பயணிக்கு, ஊர்ப் பண்டகசாலையும் பள்ளியும் ஒன்றையடுத்து ஒன்றாக எதிர்ப்படும். ஓவனுக்கு முன் சில்லறைக் கடைகள் மட்டமான சரக்கை உயர்ந்த விலைக்குக் கடனில் விற்று வந்தன. அவர் மொத்தமாக நல்ல சரக்கை வாங்கி, அடக்க விலைக்குச் சற்று மேலே வைத்து விற்று, மிஞ்சியதைப் பள்ளிக்குத் திருப்பினார். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் கூட்டுறவுக் கடை திறந்த நெசவாளர் முதலியோருள் ஓவனின் கருத்துகளில் ஊறியவர்கள் இருந்தனர். ராச்டேலை முன்மாதிரியாகக் கொண்டு சென்னையில் 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய தமிழருக்கு, நியூ லானார்க் பண்டகசாலையின் மர அலமாரிகள் முழுக்க அந்நியமானவை அல்ல.

பள்ளியின் பெயர் குணநலன் உருவாக்கும் நிறுவனம். 1816 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவரை ஆலைக்கு எடுப்பதில்லை என்று ஓவன் விதித்திருந்தார். நடக்கத் தெரிந்த குழந்தை முதல் அந்த வயது வரை இங்கே. அடியும் திட்டும் கூடாது என்பது ஆசிரியர்க்கு இட்ட முதல் கட்டளை. சுவரில் விலங்குப் படங்களும் பெரிய நிலப்படங்களும், பாடமாக ஆட்டமும் பாட்டும். மாலையில் இதே கூடம் பெரியவர்களுக்குத் திறந்திருக்கும். அதற்கு அவர்களுக்கு ஓய்வு வேண்டும் என்பதால், சாப்பாட்டு நேரம் நீங்கலாக வேலை நேரம் 10 மணி 45 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. நோயுற்ற காலத்துக்கென்று கூலியில் அறுபதில் ஒரு பங்கு பொதுநிதிக்குச் சென்றது.

வரிசை வீடுகளின் பக்கம் போனால் கதை சற்று நிறம் மாறும். வீடுகளின் துப்புரவைச் சோதிக்க ஓவன் ஏற்படுத்திய குழு, கதவைத் தட்டி உள்ளே வந்து படுக்கையையும் அடுப்பங்கரையையும் பார்த்து மதிப்பிட்டது. அவர்களுக்கு ஊர்ப் பெண்கள் வைத்த பெயர் மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர். சிலர் கதவைத் திறக்க மறுத்தார்கள். வேலைத்தலத்து ஒழுக்கத்தைப் பேணப் புறப்பட்ட கை வீட்டுப் பாயையும் தூக்கிப் பார்த்தால் அது எங்கே நிற்கும் என்ற கேள்வியை அந்தப் பெண்கள் ஒரு கேலிப் பெயரிலேயே கேட்டுவிட்டார்கள். கவிஞர் ராபர்ட் சௌதி, பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டோடு 1819இல் இங்கு வந்தபோது அதே கேள்வியைக் கடுமையாக எழுப்பினார். ஒழுங்கையும் துப்புரவையும் அவர் மெச்சினார். ஆனால் ஓவனின் ஆட்சிக்கும் நன்கு நடத்தப்படும் அடிமைத் தோட்டத்துக்கும் உள்ள தொலைவு ஓவன் எண்ணுவதைவிடக் குறைவு என்று தம் பயணக் குறிப்பில் எழுதிவைத்தார்.

அந்த ஒப்பீடு அவர் அறிந்ததைவிட ஆழமாகத் தைக்கிறது. கேத்னஸ் வரிசை எனப்படும் வீட்டு வரிசையின் முனையில், சுவர் வளைந்து திரும்பும் இடத்தில், கணக்கர் இல்லம் நிற்கிறது. தொழிலாளர் கூலி வாங்கிய இடம் அதுவே. அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்த பஞ்சுப் பொதிகளின் விலை இதுபோன்ற இல்லங்களின் ஏடுகளில் ஏறிற்று. அப்பஞ்சைக் கொய்தவர்களோ அடிமைகள். கூலிக்காரரின் ஒரு நாள் நடத்தையை நான்கு தரமாகப் பிரித்து ஆண்டுக்கு ஆறு புத்தகம் நிரப்பிய ஊரில், பஞ்சு கொய்த கைகளுக்கு ஒரு பத்தியும் ஒதுக்கப்படவில்லை. அடிமை வணிகத்தை எதிர்த்த கிளாஸ்கோ சங்கத்தில் டேல் முன்னின்றவர் என்பதையும் சேர்த்து நினைக்கும்போது முரண் இன்னும் கூர்மையாகிறது.

உரிமையாளருக்குக் கட்டை தொங்கியதா என்ற கேள்வியும் இந்த இல்லத்தின் முன்புதான் எழுகிறது. மேற்பார்வையாளர் வரை நிறம் ஏறியது. ஓவன் தலைக்கு அருகே எதுவும் தொங்கியதாக அவர் விவரத்தில் இல்லை. அவருக்கு மதிப்பெண் இட்டவர்கள் கூட்டாளிகள். பள்ளிக்கும் வீட்டுக்கும் பணம் இறைக்கிறார் என்று அவர்கள் முறையிட்டு ஆலையை ஏலத்துக்கு விட்டபோது, 1813 இறுதியில், ஓவன் புதிய கூட்டாளிகளைச் சேர்த்து 114,100 பவுனுக்கு அதை மீண்டும் எடுத்தார். ஊர் விளக்கேற்றிக் கொண்டாடியது. மக்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துவந்தார்கள் என்று அவர் எழுதுகிறார். புதிய கூட்டாளிகளுள் ஒருவர் ஜெரமி பெந்தம்: காவலர் ஒருவர் எல்லாக் கைதிகளையும் பார்க்க, தாம் பார்க்கப்படுகிறோமா என்று கைதிகளுக்குத் தெரியாத வட்டச் சிறையைத் திட்டமிட்டவர். கண்காணிப்பைப் பற்றி அவ்வளவு சிந்தித்தவர் கட்டை தொங்கிய ஆலையில் முதலிட்டது தற்செயலானாலும் பொருத்தமானது. ஆதாயத்தில் ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் தங்களுக்கு வேண்டாம் என்பது இவர்கள் ஒப்புக்கொண்ட வரம்பு. அவர்களுள் குவேக்கர் சமயத்தவரான வில்லியம் ஆலன், பள்ளியில் ஆட்டமும் பாட்டும் மிகுந்து வேதபாடம் குறைந்ததையும், சிறுவர் முழங்கால் தெரிய ஸ்காட்லாந்துப் பாவாடை அணிந்ததையும் பொறுக்காமல் இழுத்த வழக்கு, ஓவன் இவ்வூரை விட்டு 1824இல் அமெரிக்காவுக்குப் புறப்படும் வரை ஓயவில்லை.

கணக்கர் இல்லத்தைத் தாண்டினால் ஆற்றோர நடைபாதை தொடங்குகிறது. கோரா லின் அருவி 26 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. ஓவியர் டர்னர் தீட்டியது, கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1803இல் வந்து பார்த்தது. 1927 முதல் பெரும்பகுதித் தண்ணீர் பானிங்டன் மின் நிலையத்துக்குத் திருப்பப்படுவதால், பெரும்பாலான நாட்களில் பாறைதான் மிகுதியாகத் தெரிகிறது. நிலையத்தை நிறுத்தும் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் அருவி தன் முழு அகலத்துக்கு விழுகிறது. மற்ற நாட்களில் வருவோர், மெல்லிய நீர்க்கோட்டைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி, அந்த வளைந்த சுவரைக் கடந்து, லானார்க் ரயிலைப் பிடிக்கச் சரிவில் ஏறுகிறார்கள்.